மரகதம் செய்த ‘டிரபிள்’ உருண்டை

கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது.

கார்த்திகை முடிகிற சமயம். மதுரையில் உருளைக்கிழங்கு லோடை இறக்கிவிட்டு, வெறும் லாரியோடு கொடைக்கானல் மலையேறி, முதலாளியின் ஷெட்டில் நிறுத்திவிட்டு, நாயுடுபுரத்து மேட்டில் நடந்து வீட்டுக்கு வந்திருந்தேன். மத்தியானம்தான். ஆனாலும் பனிமூட்டம் ஓட்டுக்கூரை வரை இறங்கியிருந்தது. உள்ளே விளக்கு ஏற்றி வைத்திருந்தாள் மரகதம்.

கரியடுப்பின் மேல் வெந்நீர்ச் சட்டி. அதற்குள் ஒரு பித்தளைக் கிண்ணம். என் மனைவி குத்தவைத்து உட்கார்ந்து, மரக்கரண்டியால் எதையோ ஒரே பக்கமாகக் கிண்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ரோடு போடுகிறவர்கள் பீப்பாயில் உருக்குவார்களே தார், அதைப் போலக் கறுப்பாக, பளபளவென்று இருந்தது.

வெண்ணெய் வாசனை வந்தது. ஏதோ கொட்டையைக் கருக வறுத்த மாதிரி ஒரு கசப்பு வாசனையும் வந்தது. இரண்டுக்கும் அடியில், மெல்லிசாக, இன்னொன்று இருந்தது. அது என்னவென்று என் மூக்குக்குத் தெரியும். வாயில் எச்சில் ஊறியது.

பிராந்தி.

“கை கால் கழுவிட்டு வாங்க, சோறு போடுறேன்” என்றாள், திரும்பிப் பார்க்காமல். நான் ஷெட்டில் ஒரு சாமானை மறந்துவிட்டதாகச் சொன்னேன். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு மேட்டில் இறங்கினேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

சாராயமும் சத்தியமும்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளின் பாதியிலிருந்து நான் கொடைக்கானல் மலைப்பாதையில் லாரி ஓட்டினேன். பூம்பாறைப் பூண்டு, மேல்மலை உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் கீழே போகும். அரிசி, மண்ணெண்ணெய், சிமெண்டு மேலே வரும். பாதை கெட்டுக் கிடக்கிற நாட்களில் பூம்பாறைப் பூண்டு மட்டக்குதிரை முதுகில்தான் கொடைக்கானல் வரை வந்து சேரும். எனக்கு அந்தக் குதிரைகளின் மேல் ஒரு பொறாமை உண்டு. அவை குடிப்பதில்லை.

அப்போது மாகாணம் முழுக்க மதுவிலக்கு. கடை கிடையாது. அதற்காகச் சரக்கு கிடைக்காமலும் இல்லை. மலையடிவாரத்து மாந்தோப்புகளில் காய்ச்சினார்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு டின் வைத்திருப்போம். அதற்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு டின் இருக்கும். குளிருக்கு என்று ஆரம்பித்தேன். பிறகு வெயிலுக்கும் குடித்தேன்.

ஒரு சித்திரையில் மரகதம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் துணிமூட்டையோடு பஸ் ஏறி, வத்தலக்குண்டு, திண்டுக்கல் சுற்றிப் பழனிக்கு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அடிவாரத்தில் அவள் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. மாமனார் என்னை வையவில்லை. இலை போட்டுச் சாப்பாடு போட்டார். கை கழுவியதும், மலை மேலே போய் முருகன் முன்னால் சத்தியம் பண்ணிவிட்டு வாருங்கள், அப்புறம் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

படியேறினேன். மொட்டை போட்டேன். சத்தியம் பண்ணினேன். இந்தக் கதை நடக்கும்போது முடி நன்றாக வளர்ந்து, சீப்பு வைத்து வாருகிற அளவுக்கு வந்திருந்தது. அதுவரை ஒரு சொட்டுத் தொடவில்லை. ஆனால் தொடாமல் இருப்பது என்பது சும்மா இருப்பது அல்ல. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவது மாதிரி. கால் வலிக்கும். எடுக்க முடியாது.

பழனியில் பழகிய கை

மரகதத்தின் கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நிற்காது.

பஞ்சாமிர்தம் பிசைகிற வீட்டில் பிறந்தவள் அவள். மலைப்பழத்தை உரித்து, நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிசைய வேண்டும். சாமிக்குப் போகிற பண்டம். செய்யும்போது நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. பதத்தைக் கைதான் சொல்லும். தைப்பூசக் கூட்டத்தில் வீடு முழுக்க அண்டா அண்டாவாகப் பிசைவார்களாம். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அந்த வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்படிப்பட்டவளைக் கல்யாணம் பண்ணி, குளிர் மலையில், யாரும் அதிகம் வராத ஒரு சந்தில் கொண்டுவந்து வைத்தேன். ஒரு ஆளுக்குச் சமைக்க எவ்வளவு நேரம் ஆகும்? மீதி நேரம் முழுக்க லாரிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வண்டி வளைவில் இரைந்தால் எழுந்து வாசலுக்கு வருவாள். என் வண்டி இல்லையென்றால் உள்ளே போவாள். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவாள். குழந்தை இல்லை. இருந்திருந்தால் கைக்கு வேலை இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றிக் கேட்டால், வெளியூர் லோடு போயிருக்காங்க என்பாள். நான் ஷெட்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்த நாட்களிலும் அதையேதான் சொன்னாளாம்.

பச்சை பங்களா

ஏரிக்கு மேலே, கதவு ஜன்னல் எல்லாம் பச்சை அடித்த ஒரு பழைய பங்களா இருந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மாள் அதை வைத்திருந்தார். சீசனுக்கு வருகிறவர்களுக்கு ரூம் விடுவார், சாப்பாடு போடுவார். அவர் பேரை யாரும் சொல்வதில்லை. பச்சை பங்களா அம்மா, அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கப்பலேறிய பிறகும் போகாமல் தங்கிவிட்டவர். சமையல்காரர்களிடம் கற்ற தமிழில், எல்லோரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவார். அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. வேறு மாதிரிப் பேச அவருக்குத் தெரியாது.

அந்த மழைக்காலத்தில் மரகதம் அங்கே திரைத்துணி தைக்கப் போயிருக்கிறாள். அப்போது சமையலறையில் அந்த அம்மாள் சாக்லேட் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாராம். கிறிஸ்துமஸ் வந்தால் அவர் செய்கிற உருண்டை ஊரில் பிரசித்தம். ஆனால் அந்த வருஷம் வாதத்தில் அவர் விரல்கள் எல்லாம் வீங்கிவிட்டன. உருண்டை கையிலேயே நசுங்கியது. மரகதம் தைத்ததை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து உருட்டத் தொடங்கிவிட்டாள். கேட்கவும் இல்லை, கொள்ளவும் இல்லை.

அவளிடமே அந்தக் கிறிஸ்துமஸ் வேலையை விட்டுவிட்டார் அந்த அம்மாள். வீட்டிலேயே செய்து கொண்டுவா என்று சாமான் எல்லாம் கொடுத்தனுப்பினார். பட்டணத்திலிருந்து வரவழைத்த கறுப்புச் சாக்லேட் கட்டி, கோகோப் பொடி டின், வெண்ணெய், பங்களாப் பசுவின் பாலேடு. கூடவே, ஒரு தைலக் குப்பியில் பிராந்தி. அவர்களுக்குப் பெர்மிட் உண்டு. நமக்குக் கிடையாது. நம் வீட்டில் அகப்பட்டால் கேஸ்தான்.

அந்தப் பண்டத்துக்கு ‘ட்ரஃபிள்’ என்று பேர். மரகதம் பின்னால் அதைச் சொன்னபோது என் காதில் ‘டிரபிள்’ என்றுதான் விழுந்தது. வண்டி டிரபிள் என்று தினம் சொல்கிறவன் நான். பொருத்தமாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

செய்முறையைச் சொன்னால் சுலபம். சாக்லேட் கட்டியைக் கத்தியால் சீவி, வெந்நீர் மேல் வைத்த கிண்ணத்தில் போட வேண்டும். பாலேட்டைத் தனியாகச் சூடாக்கி, ஓரத்தில் முட்டை முட்டையாக வரும்போது இறக்கி அதில் ஊற்ற வேண்டும். வெண்ணெய் சேர்த்து, கடைசியில் பிராந்தி ஒரு கரண்டி. இறுகியதும் உருட்டிக் கோகோப் பொடியில் புரட்ட வேண்டும். முதல் தடவை அவளுக்குச் சூடு கூடிப்போய், எண்ணெய் தனியாகப் பிரிந்து, கிண்ணம் முழுக்கக் குருணை குருணையாகத் திரிந்துவிட்டது. தூக்கிப் போட மனசு வராமல் வெதுவெதுப்பான பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிண்டினாளாம். கூடி வந்துவிட்டது. அவள் அப்பா பஞ்சாமிர்தத்தில் நெய் பிரிந்தால் தேனை விட்டுச் செய்கிற வேலை.

இறுக வைக்க ஐஸ் பெட்டி தேவைப்படவில்லை. ஜன்னல் திண்டில் தட்டை வைத்தால் போதும், கொடைக்கானல் மார்கழி பார்த்துக்கொள்ளும்.

வாயில் மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. பிராந்தி கலந்தது, அதுவும் மார்கழி பிறக்கப் போகிற நேரம். மூக்கால் பார்த்தாள், விரலால் பார்த்தாள். பங்களா அம்மாவுக்குப் பிடித்திருந்தது.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, வீட்டில் எங்கேயோ ஒரு குப்பி இருக்கிறது என்பது மட்டும்தான்.

பெருமாள்மலையில் கிடந்த நாட்கள்

முதலாளியிடம் போய், கிடைக்கிற லோடையெல்லாம் எனக்கே கொடுங்கள் என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். ஏலே, மொட்ட போட்ட பெறகு புத்தி வந்துருக்குடா ஒனக்கு என்றார்.

கீழே போனேன், மேலே வந்தேன். வீட்டுக்கு வரும்போது உடுத்தியதை மாற்றிக்கொண்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுவேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே என் கண் வீட்டை மேயும். அரிசிப் பானை கொஞ்சம் நகர்ந்திருக்கிறதே. விறகு அடுக்கு புதிதாகக் கலைந்திருக்கிறதே. நேற்று பரணில் இருந்த கூடை இன்று ஏன் கட்டிலுக்கு அடியில்? அவள் ஒவ்வொரு நாளும் இடம் மாற்றி மாற்றி ஒளித்திருக்கிறாள். நானும் ஒவ்வொரு நாளும் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தேன். கையால் தொடாமல், கண்ணாலேயே.

லோடு இல்லாத நேரங்களில் பெருமாள்மலை முக்கில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அங்கேயே படுத்துக்கொண்டேன். பாதை பிரிகிற இடம். எப்போதும் வண்டிகள் நிற்கும், யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். சந்தனம் என்பவர் அங்கே டீக்கடை போட்டிருந்தார். நான் சுக்குக் காப்பி மேல் சுக்குக் காப்பியாகக் குடித்ததைப் பார்த்து, அண்ணே, வயிறு புண்ணாகிப்போகும் என்றார். பரவாயில்லை என்றேன். டயரைத் தட்டிப் பார்ப்பேன். கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவேன். தார்ப்பாயை மடித்து, பிரித்து, மறுபடி மடிப்பேன். உட்கார்ந்தால் உள்ளங்கை வேர்த்தது, அந்தக் குளிரிலும்.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கேட்டால் அவள் குப்பியை எடுத்துக் காட்டுவாள். என் கண் முன்னால் காட்டுவாள். அதற்குத்தான் பயம்.

பெருமாள்மலையில் என் வண்டி நாள் கணக்கில் நிற்பது நாயுடுபுரத்துக்கு எட்டாமல் இருக்குமா? யாரோ ஒரு கண்டக்டர் போய்ச் சொல்லிவிட்டார். மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டான் என்று ஊரே முடிவு கட்டியது. மரகதமும் அதையேதான் நினைத்தாள். வேறு எதை நினைப்பாள்?

“வாய ஊதுங்க”

வெள்ளனே வந்த முதல் பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். கையில் ஒரு மூங்கில் கூடை. தலையில் கம்பளி முக்காடு. சந்தனத்தின் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் நேராக வந்தாள். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

“எந்திரிங்க” என்றாள்.

எழுந்தேன். லாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

“வாய ஊதுங்க.”

ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். இன்னொரு தடவை என்றாள். ஊதினேன். பீடியும் சுக்கும்தான் இருந்திருக்கும். அவள் கண்ணைத் திறந்தபோது முகத்தில் நிம்மதி இல்லை, குழப்பம்தான் இருந்தது. இவன் குடிக்கவில்லை என்றால் பிறகு எதற்கு வீட்டுக்கு வராமல் கிடக்கிறான்?

நான் அவள் வலது கையைப் பிடித்துத் தூக்கி, அவள் மூக்கருகிலேயே கொண்டுபோனேன்.

“என் வாயில இல்ல. ஓங் கையில இருக்கு பாரு” என்றேன்.

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். என்றைக்கிலிருந்து தெரியும் என்று கேட்டாள். முதல் நாளே தெரியும் என்றேன். அரிசிப் பானை, விறகு அடுக்கு, பரண், கட்டில் என்று அவள் ஒளித்த இடத்தையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது.

“தெரிஞ்சும் தொடலையா?”

“தொட்டுருவேன்னுதான் இங்க வந்து கெடக்கேன். அது இருக்கிற வரைக்கும் அந்த வீட்டுக்குள்ள என்னால இருக்க முடியாது, மரகதம்.”

அவள் சக்கரத்தின் மேல் சாய்ந்துகொண்டாள். கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள். “நீங்க போயிட்டா எனக்கு அந்த வீட்டுல என்ன சோலி இருக்கு சொல்லுங்க. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருறேன். கை சும்மா இருந்தா மனசு கண்டதையும் நெனைக்குது. இதச் செய்யறப்பத்தான் உங்கள நெனைக்காம இருக்கேன்.”

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் அவள் சொன்னது புரிந்தது. என்னால் வந்த தவிப்பை அடக்க அவள் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வேலை என் தவிப்பைக் கிளப்பிவிட்டது. இரண்டு பேரும் ஒரே வீட்டை விட்டு, ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம்.

இப்போது எங்கே இருக்கிறது அது என்று கேட்டேன்.

அவள் கூடையைக் காட்டினாள். நான் ஒருவேளை வீட்டுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று, குப்பியையும் கூடவே எடுத்து வந்திருக்கிறாள். அதன் மேல் ஒரு தகர டின். அதில் உருண்டைகள். பங்களாவில் கொடுக்க வேண்டியவை.

வழியில் ஏறிய போலீஸ்காரர்

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணி வண்டியில் ஏறினோம். உடைத்துப் போடுகிறேன் என்றாள். அடுத்தவர் பொருள், வேண்டாம் என்றேன். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவள் மடியில் கூடை.

தக்கை சரியாக இறுகவில்லை போல. காபின் முழுக்க மணந்தது. ஒவ்வொரு வளைவிலும் அந்தக் குப்பி டின்னில் உரசி டிங் என்றது. கண்ணாடியை இறக்கிவிட்டேன். பனி உள்ளே வந்து முகத்தில் அறைந்தது. அவள் முந்தானையைச் சுருட்டித் தக்கை மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பாருங்க, ரோட்டைப் பாருங்க என்று முனகிக்கொண்டே வந்தாள்.

பாதையோரத்து அருவிக்குக் கொஞ்சம் கீழே ஒரு போலீஸ்காரர் கை காட்டினார்.

நிறுத்தாமல் போக முடியாது. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. அவர் சோதனை போட வரவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாராம், மேலே போக வேண்டுமாம். மரகதம் என் பக்கம் நகர, அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கொஞ்ச தூரம் போனதும் மூக்கை உறிஞ்சினார்.

“என்னம்மா, என்னமோ மணக்குதே?”

நான் ரோட்டையே பார்த்தேன். மரகதம் சாவகாசமாகத் தகர டின்னைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். பலகாரம்ங்க, பச்சை பங்களாவுக்குக் கொண்டுபோறேன், ஒண்ணு எடுத்துக்கங்க என்றாள். அவர் எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். தொண்டையில சூடா எறங்குதே, என்னது என்று கேட்டார்.

“சுக்குங்க” என்றாள்.

நல்ல சுக்கும்மா என்று சொல்லிவிட்டு அவர் இன்னொன்று எடுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கிப் போனார். அவர் தலை மறைந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மரகதத்தைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மொட்டை போட்டு அவளைக் கூட்டி வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மாவிடம் சொன்னது

பங்களா வராந்தாவில் அந்த அம்மாள் பிரம்பு நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். மரகதம் டின்னைக் கொடுத்தாள். பிறகு குப்பியை எடுத்து அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். இனி வேண்டாம்மா என்றாள். ஏன் என்று அவர் கேட்டதும் அவள் என்னைப் பார்த்தாள். அவள் பொய் சொல்லத் தயாராக இருந்தாள். அது எனக்குத் தெரிந்தது. சுக்கைப் போல இன்னொன்று.

நானே சொன்னேன். “நான் குடிகாரன் அம்மா. இப்பக் குடிக்கிறதில்ல. இது வீட்டுல இருந்தா, குடிச்சிருவேன்.”

அதுவரை நான் அந்தச் சொல்லை என்னைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. முருகனிடம்கூடக் குடிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், குடிகாரன் என்று சொல்லவில்லை.

அந்த அம்மாள் புத்தி சொல்லவில்லை. குப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அலமாரியில் வைத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, சரி, மரகதம் இங்கே வந்து செய்யட்டும், இங்கேயே கையைக் கழுவிவிட்டுப் போகட்டும் என்றார். நல்ல யோசனையாகத்தான் எனக்குப் பட்டது.

மரகதம் மாட்டேன் என்று தலையாட்டினாள். “இங்க வந்து செஞ்சா அது உங்க சோலிங்கம்மா. என் வீட்டுல செஞ்சாத்தான் என் சோலி.”

பிராந்தி இல்லாவிட்டால் அது ட்ரஃபிளே இல்லை என்றார் அவர். இல்லாமல் செய்து கொண்டுவருகிறேன், தின்று பாருங்கள் என்றாள் இவள். நன்றாக இல்லாவிட்டால் வாங்க மாட்டேன் என்றார். சரிங்க என்றாள்.

காப்பித் தூள்

வீட்டுக்கு வந்து யோசித்தோம். வெறும் சாக்லேட்டும் பாலேடும் மட்டும் என்றால் பாயசம் மாதிரி மந்தமாக இருக்கும், ஏதாவது ஒன்று உள்ளே இருந்து குத்த வேண்டும் என்றாள். ஏலம் போட்டால் பஞ்சாமிர்தம் ஆகிவிடும். சுக்கு, நிஜமாகவே, ஒரு கிண்ணத்தில் போட்டுப் பார்த்தாள். கஷாய வாசனை வந்தது. கடைசியில், கீழ்மலைத் தோட்டத்திலிருந்து லோடு ஏற்றியபோது எனக்குக் கொடுத்த காப்பிக்கொட்டை ஒரு பையில் கிடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

கருக வறுத்துப் பொடித்து, இறக்கிய டிகாக்ஷனை ஊற்றினாள். நீர்த்துப் போய் இறுகவே இல்லை. ஜன்னலில் இரவெல்லாம் வைத்தும் காலையில் கூழாகத்தான் இருந்தது. மறுநாள், தூளை நேராகச் சூடான பாலேட்டில் போட்டு மூடி வைத்து, மல்துணியில் வடிகட்டி, அந்தப் பாலேட்டைச் சாக்லேட்டில் ஊற்றினாள். இந்தத் தடவை மத்தியானத்துக்குள் கத்தி வைத்து வெட்டுகிற பதம் வந்தது.

உருட்டுவதற்கு நானும் உட்கார்ந்தேன். அன்றைக்கு லோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கை சூடு. உருண்டை பிடித்ததும் இளகி விரலில் அப்பியது. அவள் ஒரு சட்டியில் வெளித்தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். கையை முக்கி, துடைத்து, உருட்டி, மறுபடி முக்கினேன். விரல் மரத்துப்போய்விட்டது. என் உருண்டைகள் கோணல் மாணலாகத்தான் வந்தன. அவள் அவற்றை எடுத்து இன்னொரு தடவை உருட்டினாள்.

எல்லாம் முடிந்து கோகோப் பொடியில் புரட்டியதும், மரகதம் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அத்தனை நாளும் செய்துகொண்டிருந்த பண்டத்தை அவளே தின்றது அதுதான் முதல் தடவை. கன்னம் உப்ப அப்படியே உட்கார்ந்திருந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“கசக்குது” என்றாள். பிறகு, “நல்லாருக்கு.”

பச்சை பங்களா அம்மா அதைத் தின்றுவிட்டு முகத்தில் எதையும் காட்டவில்லை. நன்றாக இருக்கிறது, ஆனால் இது வேறு பண்டம், என் விருந்தாளிகள் கேட்கிறது இது இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். கொஞ்சம் மட்டும் எடுத்துக்கொண்டார். மரகதத்தின் முகம் தொங்கிவிட்டது. வாசல்வரை வந்த பிறகு அவர் கூப்பிட்டு, மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்மார்களிடம் கொண்டுபோய்க் காட்டு என்றார். அவர்கள் குடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உள்ளவர்கள். இத்தனை வருஷமும் என் உருண்டையை வாசனை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தவர்கள், இதைத் தின்பார்கள் என்று சொன்னார். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலையில் மரகதம் தட்டை வெள்ளைத் துணியால் மூடி, பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலையோடு தனியாகவே போனாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும், அதற்குப் பிறகு பல கிறிஸ்துமஸுக்கும், ஈஸ்டருக்கும், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் அவள் செய்துகொண்டே இருந்தாள். பிறகு நான் தடுமாறவே இல்லை என்று இங்கே எழுதினால் மரகதமே சிரிப்பாள். ஆனால் பெருமாள்மலையில் போய்க் கிடக்கவில்லை. தடுமாறினாலும் வீட்டில் வந்து சொல்ல முடிந்தது.

அன்று காலை அவள் போன பிறகு, சுவரோரம் கம்பளியை விரித்துச் சும்மா சாய்ந்தேன். எந்தச் சாமானையும் கண் தேடவில்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விழிப்பு வந்தபோது வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. அவள் திரும்பி வந்திருந்தாள். வெறும் தட்டு கதவில் இடித்து நங்கென்றது. பக்கத்து வீட்டம்மா, உங்க வீட்டுக்காரர எங்க, ஆளையே காணோமே என்று கேட்டார்.

“உள்ள தூங்குறாங்க” என்றாள் மரகதம்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை. கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனேன்.